பட்டாசு வெடிச்சா எச்டி படம் ஏன் உடையுது?

நான் விருதுநகர்க்காரன், பிழைப்புக்கு கோடு எழுதுறவன். தீபாவளிக்கு ஊருக்குப் போனா அம்மா கேட்கிற டெக் கேள்வி ஒண்ணுதான்: "எச்டிக்குத்தானே காசு கட்டுறோம், படம் முன்ன மாதிரி இல்லையேப்பா?" அம்மா சொல்றது சரிதான். ஏன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

எச்டின்னா 1920-க்கு 1080 புள்ளிகள். அது படத்தோட அளவு. அந்தப் புள்ளிகளை நிரப்ப நொடிக்கு எவ்வளவு டேட்டா வருதுங்கிறது தனிக் கணக்கு, அதுக்குப் பேர் பிட்ரேட். சிவகாசி அச்சகத்தை நினைச்சுக்கோங்க. புள்ளி காகிதம்னா, பிட்ரேட் மை. நாலு போஸ்டருக்கான மையில் பத்து போஸ்டர் அடிச்சாலும் காகிதத்தோட அளவு குறையாது. ஆனா படம் வெளிறிடும்.

ஸ்டுடியோவுக்குள்ள எச்டி படம் நொடிக்குச் சுமார் 1,485 மெகாபிட் வேகத்தில் ஓடுது. கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பாதையில், 64-குவாம் முறையில், மொத்தமே சுமார் 38 மெகாபிட்தான் போகும். அதில் நாலு எச்டி சேனல் போட்டா ஆளுக்கு ஒன்பதரை மெகாபிட். பத்து சேனலைத் திணிச்சா நாலுகூட இல்லை. ரெண்டு நிலையிலும் திரையில் 'எச்டி'ன்னுதான் காட்டும்.

செய்தி வாசிக்கும்போது இந்தக் குறை பெருசா தெரியாது. பின்னாடி இருக்கிற சுவர் மாறாததால, மாறின பகுதியை மட்டும் அனுப்பினா போதும். ஆனா புஸ்வாணம் பொங்கினா ஒவ்வொரு பொறியும் நொடிக்கு நொடி இடம் மாறும், முந்தின ஃபிரேம் உதவாது. பிட் பத்தாம, படம் சதுரம் சதுரமா உடையும். மழை, கிரிக்கெட் மைதானப் புல், பூமாரி எல்லாத்துக்கும் இதே கதிதான். நாட்டுக்கே பட்டாசு அனுப்புற ஊர்ல, டிவியில வர்ற வாணவேடிக்கை கட்டம் கட்டமாத்தான் தெரியுது.

காசுக் கணக்கும் இருக்கு. 2019-ல் நடைமுறைக்கு வந்த டிராய் விதியில், சேனல் எண்ணிக்கையில் ஒரு எச்டியை ரெண்டு சாதா சேனலுக்குச் சமமா கணக்குல எடுத்தாங்க. அப்போ படமும் அதுக்கேத்த மாதிரி இருக்கணும்ல?

புகார் பண்றதுக்கு முன்னாடி மூணு சோதனை. ஒண்ணு, பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் போகுதான்னு பாருங்க. சிவப்பு-வெள்ளை-மஞ்சள் வயர்னா எச்டி வரவே வராது. ரெண்டு, படம் உறைஞ்சு சத்தமும் விட்டு விட்டு வந்தா, பெரும்பாலும் சிக்னல் கோளாறு. வயரையும் இணைப்பையும் பார்த்தா சரியாகலாம். மூணு, சத்தம் சுத்தமா இருந்து, அசைவு கூடும்போது மட்டும் படம் உடைஞ்சா, பிட்ரேட் மேலதான் சந்தேகப்படணும். அதே நிகழ்ச்சியை ஓடிடியில் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்க.

மூணாவதுன்னா தெரு கேபிள் அண்ணன்கிட்ட சண்டை போடாதீங்க. எந்தப் பாதையில் எத்தனை சேனல்னு முடிவு பண்றது அவர் இல்லை, மேல இருக்கிற ஹெட்எண்ட். கேபிள் நிறுவனத்தோட வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டு, சேனல் பேரையும் நேரத்தையும் சொல்லி, புகார் எண் வாங்குங்க. "படம் சரியில்ல"ன்னு மட்டும் சொன்னா ஆள் வந்து வயரை ஆட்டிட்டுப் போயிடுவார். "அசைவில் மட்டும் உடையுது, சத்தம் சரியா இருக்கு"ன்னு சொன்னா, பதில் சொல்ல வேண்டியது ஹெட்எண்ட்தான்.

இந்தத் தீபாவளிக்கு உங்க வீட்டிலும் சோதிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.