வெள்ளத்துக்கு வந்த படகை டிராக்டரிலிருந்து இறக்குவது

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



"படகைப் பத்தி நமக்கு என்னங்க பேச்சு? அது தேவனாம்பட்டினத்துக்காரங்க பார்க்க வேண்டிய சங்கதி" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். திருவதிகையில் நின்று கெடிலத்தைப் பார்த்தால் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் புதரும்தான் கண்ணில் படும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே கெடிலம் எப்படி வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மேற்கே பெய்த மழை ஒரே இராத்திரியில் இங்கே வந்து நிற்கும். மலட்டாறு வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும்.

2015 நவம்பரில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பகுதியில் திடீரென்று வந்த வெள்ளம் வீடுகளையும் ஆட்களையும் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 நவம்பரில் தென்பெண்ணை கரைமீறியது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்தது. கடலூரை ஒட்டிய ஊர்களில் தெருத்தெருவாக வெள்ளம் நின்றது.

அப்படிப்பட்ட நாளில் படகு வந்துதான் ஆகவேண்டும். தீயணைப்புத் துறையினர் ரப்பர் படகு கொண்டுவருவார்கள். அது இலேசு, நாலுபேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைத்துவிடலாம். மீனவர்களின் பைபர் படகு வந்தால்தான் கதை வேறு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றினார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடி படகுகள் லாரிகளில் ஏறி உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போயின. நமக்கும் கடற்கரை தூரமில்லை. பண்ருட்டியிலிருந்து கடலூர் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். லாரி தார்ரோடு வரைக்கும் வரும். அதற்குமேல் சேற்றிலும் வண்டிப்பாதையிலும் படகைக் கொண்டுபோக ஊரில் என்ன இருக்கிறது? உங்கள் டிராக்டரும் டிரெய்லரும்தான்.

தண்ணீரில் படகைச் செலுத்துவதை மீனவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரெய்லரை விட்டு இறங்கிப் படகு மிதக்கும் வரைக்கும் உள்ள பத்துப் பதினைந்தடி இருக்கிறதே, அது உங்கள் பொறுப்பு. கால் நசுங்குவதும், டிராக்டர் கவிழ்வதும், கயிற்றில் விரல் போவதும் அந்தப் பதினைந்தடியில்தான். காப்பாற்றப் போனவர்களையே காப்பாற்ற வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது, இல்லீங்களா?

முதலில் இடம். இது மழைக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டிய விஷயம். புரட்டாசியில் ஒருநாள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் டிராக்டர் ஓட்டும் பையன்களையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்கள் காட்டுவார்கள். அந்த அடையாளத்துக்குள் இறங்குகிற கெட்டியான பாதை எது என்று பாருங்கள். தார்ரோடோ சிமெண்டு ரோடோ சரிந்து தண்ணீருக்குள் போகிற இடம்தான் முதல்தரம். ஆற்றுக்கு வண்டி இறங்குகிற பழைய கப்பிப் பாதை இரண்டாம் தரம். எட்டடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் இருந்தால் போதும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் டிரெய்லர் டிராக்டரையே உள்ளே இழுக்கும்.

ஆற்றங்கரை மேல் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்துவது கூடவே கூடாது. நாலுநாள் மழையில் ஊறிய கரை, பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். பின்சக்கரம் ஏறினதும் பொலபொலவென்று சரியும். தரைப்பாலமும் ஆகாது. அங்கே தண்ணீர் குறுக்கே ஓடுகிறது. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே ஆளைச் சாய்க்கும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களைப் புரட்டிக்கொண்டு போகும். டிராக்டர் கனமான வண்டிதானே என்ற தைரியம் வேண்டாம். பின்னால் நிற்கிற டிரெய்லரைத் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளினால் அது டிராக்டரையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

இன்னொன்று, மதகுக்கோ பாலத்துக்கோ மேலண்டையில் படகை இறக்காதீர்கள். இஞ்சின் கிளம்பத் தாமதமானால் தண்ணீர் படகைக் கொண்டுபோய் அந்தக் கண்ணில் சொருகிவிடும். ஓட்டமில்லாத, தேங்கிய தண்ணீராகப் பாருங்கள். போகவேண்டிய தெருவுக்கு ஓட்டத்தைக் கடந்துதான் போகவேண்டும் என்றால், அந்தத் தெருவுக்குக் கொஞ்சம் மேலே இறக்குங்கள். அப்போது தண்ணீரின் போக்கிலேயே சாய்ந்து போய்ச் சேரலாம்.

இடத்தைப் பார்க்கும்போது தலையை நிமிர்த்தி மேலேயும் பாருங்கள். டிரெய்லரில் ஏறிய படகின் மூக்கு, அதன்மேல் நிற்கிற ஆள், அவர் கையில் இருக்கும் கழி, இவ்வளவும் சேர்ந்தால் மின்கம்பி எட்டிவிடும். வெள்ளம் வந்ததும் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி அந்த டிரான்ஸ்பார்மரை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டோம் என்று மின்வாரியத்தார் வாயால் கேட்ட பிறகுதான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். "அப்பவே கரண்ட் போயிடுச்சு அண்ணே" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதை நம்பக்கூடாது. போன கரண்ட் திரும்பவும் வரும்.

நம் ஊரில் கிணறும் ஓர் ஆபத்து. கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் எத்தனை இருக்கின்றன! வெள்ளம் மூடிவிட்டால் கடற்கரையிலிருந்து வந்தவருக்கு அது தெரியுமா? படகு மேலே போய்விடும். படகைப் பிடித்துக்கொண்டு நடப்பவன்தான் உள்ளே போவான். மழைக்கு முன்பே கிணற்றைச் சுற்றி நாலு சவுக்குக் கழி நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். முந்திரித் தோப்பின் முள்கம்பி வேலிக்கும் அதே மாதிரி அடையாளம் வேண்டும்.

இனி ஏற்றுவது. படகின் முன்மூக்கு, மீனவர்கள் அணியம் என்பார்கள், டிராக்டர் பக்கம் இருக்கவேண்டும். பின்புறம் முதலில் தண்ணீரைத் தொடட்டும். உங்கள் டிரெய்லர் பத்துப் பதினோரடி இருக்கும். படகோ இருபதடிக்கு மேல் இருக்கும். மிச்சம் பின்னால் தொங்கத்தான் செய்யும். ஆனால் கனத்தின் பெரும்பங்கு டிரெய்லர் அச்சுக்கு முன்னால் விழும்படி படகை முன்னே தள்ளி வையுங்கள். பின்பாரம் மிஞ்சினால் டிரெய்லரின் ஏர்க்கால் மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். அந்த நிலையில் யாராவது கொக்கி ஆணியை உருவினால் ஏர்க்கால் விருட்டென்று எழும்பி முகவாயில் அடிக்கும். படகு மேலே இருக்கிற வரைக்கும் அந்த ஆணியில் கை வைக்கக் கூடாது. ஆணிக்குப் பூட்டுக்கம்பி போட்டிருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். வயலுக்கு எரு அடிக்கிற நாளில் கம்பி இல்லாமலே ஓட்டுகிறோம், அது வேறு விஷயம்.

மீனவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, தக்கை போட்டாச்சா?" படகின் பின்புறம் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். லாரியில் வரும்போது மழைத்தண்ணீர் வடியட்டும் என்று அதைத் திறந்து விட்டிருப்பார்கள். அவசரத்தில் அடைக்க மறந்தால், ஆட்களை ஏற்றிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனபிறகுதான் காலடியில் தண்ணீர் தெரியும். கடலில் நாற்பது வருஷம் போனவருக்கும் இந்த மறதி வரும். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இறக்கும் இடம் வந்ததும் உடனே டிரெய்லரைத் தண்ணீரில் விடாதீர்கள். ஓடி வந்த சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சேற்றுத் தண்ணீரைப் பேரிங்குக்குள் உறிஞ்சிக்கொள்ளும். கட்டுகளைச் சரிபார்க்க ஆகிற நேரத்தில் அது ஆறிவிடும்.

இப்போது ஒரே ஒரு ஆள் உத்தரவு போடவேண்டும். பத்துப்பேர் "வா வா", "நிறுத்து", "ரைட்டுல ஒடி அண்ணே" என்று கத்தினால் டிராக்டர் சத்தத்தில் ஓட்டுகிறவருக்கு எதுவும் விளங்காது. அந்த ஆள் ஓட்டுகிறவர் கண்ணில் படும் இடத்தில், பக்கவாட்டில் நின்று, கையால் சைகை காட்டட்டும். இருட்டாக இருந்தால் டார்ச் விளக்கால் காட்டட்டும். அவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மட்கார்டில் பையன்கள் யாரும் உட்காரக் கூடாது. இரண்டு சக்கர டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் பதற்றத்தில் கை தானாக எதிர்ப்பக்கம் திரும்பும். கோணினால் அங்கேயே திருத்தப் பார்க்காமல் முன்னே போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். அடிக் கியரில், நகருகிறதா இல்லையா என்கிற வேகம் போதும்.

டிரெய்லர் தளமே மூன்றடி உயரம். அதன்மேல் படகு தானாக மிதக்கவேண்டும் என்று காத்திருந்தால் டிராக்டரே மூழ்கிப்போகும். அதனால் படகைச் சறுக்கித்தான் இறக்க வேண்டும். டிரெய்லரின் பின்கதவைக் கழற்றிவிடுங்கள். பின்சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டிராக்டர் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் இறக்கப் பக்கமாகக் கட்டை வையுங்கள். இரண்டு கனத்த சவுக்கு மரங்களைத் தளத்தின் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் சாய்த்து, நழுவாதபடி விளிம்போடு கட்டிவிடுங்கள். அதன்மேலும் தளத்தின்மேலும் உரித்த வாழைப்பட்டையைப் பரப்புங்கள். வாழைப்பட்டையில் படகு எண்ணெய் தடவினதுபோல் வழுக்கும். அதனால்தான் கயிறு முக்கியம்.

முன்மூக்கில் கட்டிய கயிற்றை டிராக்டரின் இழுவைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கையில் சுற்றிய கயிறு விரலை எடுத்துக்கொண்டுதான் போகும். கயிறு இறுகி நிற்கும்போது அதன் நேருக்கு யாரும் நிற்க வேண்டாம். அறுந்தால் சாட்டைபோல் வீசும். இந்த மூக்குக்கயிறு மாட்டிய பிறகுதான் மற்றக் கட்டுகளை அவிழ்க்க வேண்டும். மோட்டாரின் விசிறியை முன்பே மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். தள்ளுகிறவர்கள் பக்கவாட்டில் மட்டும் நிற்கட்டும்; சறுக்குமரத்துக்குக் கீழே, படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஆளும் கூடாது. "நான் தாங்கிக்கிறேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். நல்ல மனசுதான், ஆனால் படகைத் தாங்க முடியாது. அவரைக் கையைப் பிடித்து அப்பால் கூட்டிவிடுங்கள்.

டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தூக்கிக் கொட்டிவிடலாம் என்பார்கள். முடியும், ஆனால் ஒரு கோணம் வரைக்கும் அசையாமல் இருக்கிற படகு, அடுத்த அங்குலத்தில் ஒரேயடியாகப் பாயும். தூக்கினால் கொஞ்சமாகத் தூக்குங்கள், கயிறு விடாமல். தரை பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் தூக்கவே வேண்டாம், டிப்பர் கவிழும்.

சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் தோண்டும். மேட்டில் இன்னொரு டிராக்டரை நிறுத்தி இழுங்கள். சங்கிலியை இழுக்கிற டிராக்டரின் தாழ்ந்த இழுவைக் கம்பியில் மாட்டுங்கள். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுகிறவர்மேலேயே மல்லாந்துவிடும்.

படகு மிதந்ததும் முதல் நடைக்கு முன் ஏறுகிறவர்களைக் கவனியுங்கள். கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் அப்பர் சுவாமிகள் கரையேறினார் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நமக்கு மிதவை வேண்டும். உயிர்காப்புச் சட்டை போதாவிட்டால் மூடி இறுகிய இருபது லிட்டர் காலிக் கேனை மார்பில் கட்டினால், ஒரு ஆளின் தலை தண்ணீருக்குமேல் நிற்கும். மருந்து அடித்த கேன் வேண்டாம். எல்லாரும் படகின் அடியில் உட்காரட்டும், நிற்க வேண்டாம். எத்தனை பேர் என்பதை மீனவர் சொல்லட்டும். ஊர்த் தலைவர் சொல்ல வேண்டாம்.

திரும்ப ஏற்றுவது இறக்குவதைவிடக் கஷ்டம். படகுக்குள் தேங்கிய தண்ணீரை முதலில் இறைத்துவிடுங்கள். இருபதடி நீளம், ஐந்தடி அகலத்தில் நாலங்குலத் தண்ணீர் நின்றால் அதுவே ஏறக்குறைய 900 கிலோ கனம். அதையும் சேர்த்து இழுத்தால் கயிறு அறும்.

படகு தேவைப்படும்போது மாவட்ட அவசர எண் 1077-க்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஊர்ப்பெயரோடு, நீங்கள் பார்த்து வைத்த இறங்குமிடத்தையும், அங்கே எந்த ரோடு வழியாக லாரி வரமுடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி நேரம் மிச்சம்.

வேலை முடிந்தபின் டிராக்டரை அப்படியே கொட்டகையில் விட்டுவிடாதீர்கள். பிரேக்கை இரண்டுமூன்று முறை மிதித்து ஈரத்தை உலர்த்துங்கள். கியர் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியே ஆகவேண்டும். டிரெய்லர் சக்கரத்தைக் கழற்றிப் பேரிங்கைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள்.