வாய்ப்புண்ணுக்கு இரண்டு வாரம்தான் கெடு



காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு நிற்கும் நம்ம அக்காமார் பலருக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் காலை டிபன். பசி அடங்குது, தூக்கம் போகுதுன்னு சொல்வாங்க. நானும் கூடை சுமப்பவள்தான், எனக்கும் அது தெரியும். ஆனால் காரம் பட்டால் எரிச்சல், ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் எல்லாம் அந்தப் பழக்கத்தில் வரலாம். வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே சொல்லியிருக்கிறது.

வீட்டு வைத்தியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிங்க. மஞ்சளில் உள்ள குர்குமின் எரிச்சலைக் குறைப்பதாக ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் இவையெல்லாம் டாக்டர் வைத்தியத்துக்குத் துணைதான். பாக்கை அடக்கிக்கொண்டே கீரை சாப்பிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

மாதக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் கட்டியதும் ஒரு வேலை செய்வோம். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழையுதா பாருங்க. நுழையலேன்னாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறலேன்னாலும், வெள்ளை, சிவப்புத் திட்டு தெரிந்தாலும், ஸ்டான்லிக்கோ, கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவமனைக்கோ உடனே போகணும். வலி இல்லையேன்னு இருந்துடாதீங்க, புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காமலும் இருக்கும்.

அன்றைய வியாபாரம் போகுமே என்று தயங்குகிறவருக்குக் குழு கைகொடுக்கட்டும். ஒருத்தி கூடப் போகட்டும், இன்னொருத்தி அவர் கூடையை விற்றுத் தரட்டும்.