முற்றத்து இளவேனில்

ஆண்டுதோறும் பங்குனி மாதத்திலே, 'இளவேனிற் காலம்' என்னுந் தலைப்பில் எங்கள் பாடசாலை மாணாக்கரைக் கட்டுரை எழுதச் செய்வது வழக்கம். ஆண்டுதோறும் அக்கட்டுரைகளிலே ஓர் ஆறு ஓடுகின்றது. ஆற்றங்கரையிலே பூஞ்சோலை, சோலை நடுவே தாமரைத் தடாகம், தடாகத்தின் மேலாக வந்து தவழுந் தென்றல் என்று வருணனை தடையின்றிப் பெருகுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு ஏது? மழைக்காலத்தில் மாத்திரம் வெள்ளம் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. அதுவும் பங்குனியில் வறண்டு கிடக்கும். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் யன்னலுக்கு வெளியே வேம்பு பூத்துக் கொட்டுகின்றது. அதன் மணம் வகுப்பறை முழுவதும் பரவி நிற்கின்றது. அதைப்பற்றி ஒரு வரியேனும் இல்லை.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஏட்டிலுள்ள ஆறு அழகானதுதான். ஆயினும், வீட்டு முற்றத்துக்கு வந்து நிற்கின்ற பருவத்தை அறியாத பிள்ளை, ஏட்டிலுள்ள பருவத்தை எவ்வாறு அறியும் என்பதே என்னுடைய ஐயம். ஆகவே இன்று நான் பேசப்போவது ஆறும் சோலையும் இல்லாத இளவேனிலைப் பற்றி. ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு வேம்பு, நான்கு பக்கமும் வேலி என்ற எல்லைக்குள் அடங்கிவிடும் இளவேனிலைப் பற்றி.

பெரும்பொழுதை ஆறாக வகுத்த முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இலக்கணத்தோடு வழக்காட நான் வரவில்லை. எங்கள் முற்றம் சொல்வதைச் சொல்கிறேன். ஏப்பிரல் 5 ஆந் திகதி வாக்கிலே இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திர முனைக்கு நேர்மேலே நிற்குஞ் சூரியன், நாளுக்குச் சிறிதாக வடக்கு நோக்கி நகர்ந்து, 15 ஆந் திகதி வாக்கிலே பருத்தித்துறைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கின்றது. சித்திரை பிறக்கும்போதே உச்சிவெயில் தலையைப் பிளக்கத் தொடங்கிவிடும். ஆதலால், எங்களுக்கு இளவேனிலின் இனிமையெல்லாம் சிவராத்திரியோடு பனி விலகியதும் தொடங்கி, பங்குனி முழுவதும் நின்று, புத்தாண்டுக் கைவிசேடத்தையும் வாங்கிக்கொண்டு விடைபெற்றுவிடுகின்றது. சில கிழமைகளே நிற்கும் விருந்தாளி அது. காலையிலே கிணற்று நீர் இளஞ்சூடாக இருக்கும். நண்பகலிலே மரநிழல் போதும். மாலையிலே கடற்காற்று வரும்.

இந்த விருந்தாளியின் வருகையை வேம்பே முதலில் அறிவிக்கின்றது. இலையுதிர்த்து நின்ற மரம் ஒருநாட் காலை செந்தளிர் கொண்டு நிற்கும். பத்துப் பதினைந்து நாளில் வெண்பூ. விடியற்காலையிலே முற்றத்தைப் பெருக்கிவிட்டு, மரத்தின்கீழ் ஓலைப்பாயோ பழைய வேட்டியோ விரித்துவிடுவார்கள். காற்று ஒருமுறை அசைந்தால் போதும்; பொரி சொரிந்தாற் போலப் பூச் சொரியும். அதனைக் கூட்டியெடுத்து, சுளகிலே இட்டுப் புடைத்து, காம்பும் சருகும் நீக்கி எடுப்பது சிறுவருக்குரிய வேலை. ஊறவைத்துக் கோது போக்கிய உழுந்தைக் கரகரப்பாக அரைத்து, அதனுடன் பூவும், சிறிதாக அரிந்த வெங்காயமும், செத்தல் மிளகாயும், பெருஞ்சீரகமும், உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையளவினும் சிறிய தட்டைகளாகத் தட்டிப் பாயிலே பரப்பினால் வடகம். மூன்று நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும். மாரிகாலத்திலே, அடைமழை பெய்கின்ற ஒரு மதியத்தில், அந்த வடகத்தை எண்ணெயிற் பொரித்துச் சோற்றுடன் வைக்கும்போது பங்குனி வெயிலின் மணம் வீடு முழுவதும் வரும். கசப்பும் ஓர் இன்பம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது.

வடகம் காயும் நாளிலே காகத்துக்குக் காவல் இருக்க வேண்டும். கையிலே ஒரு நீண்ட தடி. வாயிலே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய்ப் பிஞ்சு. இப்படி வேம்பின் நிழலிலே ஒரு முழுக்காலை அமர்ந்திருப்பதை வேலையென்று சொல்வதா, விளையாட்டென்று சொல்வதா? அவ்வாறு அமர்ந்திருந்த பிள்ளை காகத்தை மட்டுமா பார்த்தது? மரத்தின் உச்சியிலே காகங்கள் ஒரு கரிய பறவையைத் துரத்தித் துரத்திக் கொத்துவதையும் பார்த்தது. அது குயில், காகத்தின் கூட்டிலே முட்டையிட வழி தேடுகின்ற இனம். ஓங்கி ஓங்கிக் கூவுவது ஆண்குயில் என்பதையும், பெண்குயில் புள்ளி விழுந்த உடலுடையது என்பதையும் அப்பிள்ளை எந்த ஆசிரியரிடமும் கேட்காமலே அறிந்துகொண்டது. கூவும் குயிலைப் பெண்ணாக்கி எழுதும் கவிஞர்கள் நம்மிடையே பலருளர். அவர்கள் வடகத்துக்குக் காவல் இருந்திருக்க மாட்டார்கள்.

புளியம்பழம் உலுப்புவதும் இக்காலத்திலேதான். கோதுடைத்து, நரம்பும் கொட்டையும் நீக்கி, உப்பிட்டுத் திரட்டிப் பானையில் அடைத்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் கறிக்குப் புளி உண்டு. பெரியோருக்குப் புளி, சிறியோருக்குக் கொட்டை. அக்கொட்டைகளைக் கைக்குள் மறைத்து, 'ஒற்றையா, இரட்டையா' என்று கேட்டுக் கேட்டுப் பகல் முழுவதையும் தோற்றும் வென்றும் கழிப்பார்கள். தையிலும் மாசியிலும் கிண்டிய பனங்கிழங்கு, இப்போது ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காய்ந்து பெட்டிக்குள் ஏறும். பனையிலே பாளை வந்துவிட்டதனால் கருப்பநீரும் கிடைக்கும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்குவதனால் அது புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாகவே இருக்கின்றது. காலை வெயில் ஏறுமுன் பனையோலைப் பிளாவிலே அதனை ஏந்தி, உள்ளே ஒரு துண்டு மாங்காயும் இட்டுக் குடித்தவர்களுக்கு அதன் சுவையை நான் வருணிக்க வேண்டியதில்லை. குடியாதவர்களுக்கு வருணித்துப் பயனில்லை.

மாரி ஓய்ந்து நிலம் காய்ந்ததும் வேலி அடைக்குங் காலம் வரும். வேலிக் கதியாலில் முள்முருக்கு செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். பழைய ஓலையைக் கழித்துப் புதிய ஓலையை வரிந்து கட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். குத்தூசியை இங்கிருந்து செருகினால் அங்கிருந்து கயிற்றைக் கோத்துத் திருப்பி அனுப்பவேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் பெரும்பாலும் அயல்வீட்டுக்காரர். எல்லைத் தகராற்றினாலே மாதக்கணக்காகப் பேசாதிருந்தவர்கள்கூட, 'அண்ணை, ஊசியை விடுங்கோ' என்று சொல்லாமல் வேலி அடைத்தல் இயலாது. ஒருவரையொருவர் காணாமலே ஓலைக்கு அப்பாலிருந்து பேசும் அந்தப் பேச்சிலே எத்தனை பிணக்குகள் தீர்ந்திருக்கின்றன! இன்று பல வளவுகளுக்கு மதில் வந்துவிட்டது. மதில் நல்ல காவல். அதற்கு இரண்டாவது ஆள் வேண்டியதில்லை.

இரவைப்பற்றியுஞ் சொல்லவேண்டும். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. அந்த ஆண்டுகளின் துன்பத்தை அறிந்தவர்கள் அறிவார்கள். அதனை அழகுபடுத்திச் சொல்வது பாவம். ஆனாலும் நிலவு காய்கின்ற பங்குனி இரவுகளிலே, வீட்டார் எல்லோரும் முற்றத்து மணலில் வட்டமாக அமர்ந்திருக்க, என் அன்னையார் பெரிய சட்டியிலே சோற்றையும் எஞ்சிய கறிகளையும் ஒன்றாகக் குழைத்து, திரட்டித் திரட்டி ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். பகலிலே தனித்தனிக் கோப்பையிற் சுவைக்காத கறி, இரவிலே அந்தக் கையிலிருந்து வரும்போது அமுதமாகும். எல்லோர் கையும் போதும் என்று மறித்தபின்னர், சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து அவர் உண்பார்.

நாங்கள் உருண்டையின் சுவையையே நினைத்துக்கொண்டிருந்தோம். வழித்த சட்டியை யார் நினைத்தார்கள்? இளவேனிலின் இன்பங்கள் என்று இதுவரையில் நான் கூறியவற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பூப் பொறுக்கல், உழுந்து அரைத்தல், புளி உடைத்தல், கிழங்கு அவித்தல், முற்றம் பெருக்கல். பருவம் பூவைத்தான் கொட்டுகின்றது, வடகத்தைக் கொட்டுவதில்லை. இடையிலே ஒருவருடைய முதுகு வளைகின்றது. வீட்டின் இன்பமெல்லாம் ஒரே முதுகின்மேல் ஏறுமாயின், அஃது அவருக்கு இன்பமாக இருத்தல் அரிது. பலர் கூடிச் செய்தபோதோ வேலையே இன்பமாயிற்று. காகத்துக்குக் காவலிருந்த பிள்ளைக்கு வடகம் அதிகமாகச் சுவைத்ததன் காரணம் இதுவே.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தது. மறு ஆண்டு சித்திரையிலே பெருந்தொகையானோர் திரும்பினோம். ஆறு மாதம் ஆள் நடமாட்டமின்றிக் கிடந்த முற்றத்திலே வேப்பஞ்சருகு கணுக்காலளவுக்கு இருந்தது. கதவில்லை, கூரையிலே பாதி ஓடில்லை, பாத்திரம் பண்டம் இல்லை. என் அன்னையார் உள்ளே போய் எவை எஞ்சின என்று பார்க்கவில்லை. பூவரசங் குழையை முறித்து விளக்குமாறாக்கி முற்றத்தைப் பெருக்கத் தொடங்கினார். சருகுக்கு மேலே அன்றைய பூ விழுந்திருந்தது. அதை மட்டும் தனியே கூட்டி எடுத்தார். அந்த ஆண்டு உழுந்துக்கு எங்கே போவது? வெறும் பூவையே வெயிலிற் காயவைத்தார். அயல்வீட்டு அக்கா வேலி இல்லாத வேலியைக் கடந்து வந்து, தாமும் அருகே அமர்ந்து காம்பு நீக்கினார். நாங்கள் வீடு திரும்பிவிட்டோம் என்பதை நான் நம்பியது அந்த நேரத்திலேதான்.

இன்று வேப்பம்பூ வடகம் கடையிலே பைகளில் அடைத்து விற்கப்படுகின்றது. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பொதியிலே போகின்றது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. உறைபனி இளகுகின்ற பங்குனியிலே, அங்குள்ள ஒரு சமையலறையில் அது பொரியும் மணத்துக்கு ஒரு முதியவர் கண்மூடி நிற்பாராயின், அந்தப் பொதி தன் பயனை அடைந்துவிட்டது. எனது கவலை அங்குள்ள பிள்ளைகளைப் பற்றியதன்று. வேம்பின்கீழே பிறந்து வளர்ந்தும் அதன் பூவைக் கையாலே தொடாத இங்குள்ள பிள்ளைகளைப் பற்றியது.

அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கின்றது? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளை, பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்குப் போகின்றது, சனிக்கிழமையும் போகின்றது, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் போகின்றது. பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். பரீட்சைப் பெறுபேறுகளைக் கூட்டிக் கழித்து மேலிடத்துக்கு அனுப்புகின்றவன் நான். புள்ளியின் அருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். முப்பது ஆண்டுக்கு மேலாக வகுப்பறையில் நின்று பழகியவன் என்ற முறையிலே, வீட்டிலே ஒரு வேலையைத் தொடங்கி முடித்துப் பழகிய பிள்ளையையும், புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் தொடவிடாது வளர்க்கப்பட்ட பிள்ளையையும், முதல் வாரத்திலேயே என்னால் வேறுபிரித்துச் சொல்ல முடியும். முன்னது விடை தெரியாதபோது சற்றுப் பொறுத்துப் பார்க்கும். பின்னது உடனே ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும்.

ஆண்பிள்ளைகளின் தாய்மாருக்குத் தனியாக ஒரு சொல். 'அவன் படிக்கட்டும்' என்று மகனை உள்ளே இருத்தி, மகளை மாத்திரம் சுளகோடு முற்றத்துக்கு அனுப்பாதீர்கள். காகம் ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்து அஞ்சுவதில்லை. தந்தைமாருக்கும் உழுந்து அரைக்கத் தெரியும். தெரியாதென்று சொல்வது பழக்கம்.

முதலாந் தவணை வழக்கமாகப் புத்தாண்டுக்கு முன்னரே முடிந்துவிடும். விடுமுறையிலே ஒரு காலைப்பொழுது போதும். வளவிலே வேம்பு இல்லாதவர்கள் அயலவரைக் கேளுங்கள். பூவைத் தர மறுத்த வீட்டை நான் இதுவரையிற் கண்டதில்லை. வெயில் ஏறுமுன்னர் பாயை விரித்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்புங்கள். மழை இருட்டினால் அன்று உழுந்து ஊறப்போட வேண்டாம். உப்பைச் சற்றுக் குறைத்தே இடுங்கள். காய்ந்த பின்னர் அது கூடித் தெரியும்.