தேடாத இடத்தில் இருந்த உலகங்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் விண்மீன்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். விண்ணாராய்ச்சியில் நேர்ந்த ஒரு பிழை நமக்கும் பாடமாக இருப்பதால் அதனைக் கூற விழைகின்றோம்.

சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள கோள் புதன். அது சூரியனை ஒருமுறை சுற்ற 88 நாட்கள் ஆகின்றன. 41 ஒளியாண்டுத் தொலைவில், கடக ராசி மண்டலத்தில், 55 கான்கிரி என்றொரு விண்மீன் உண்டு. அதனைச் சுற்றும் கோள் ஒன்றை 2004-இல் கண்டனர். அதன் சுற்றுக்காலம் 2.8 நாட்கள் என்று கணக்கிட்டனர். 2010-இல் ரெபெக்கா டாசன் என்னும் ஆராய்ச்சி மாணவியும் டேனியல் ஃபாப்ரிக்கியும் பழைய அளவீடுகளையே மீண்டும் ஆராய்ந்து, அக்கோள் 18 மணி நேரத்திற்குள் சுற்றி முடிக்கிறது என்று காட்டினர்.

பிழை எங்ஙனம் நேர்ந்தது? செக்கு மாட்டை நாளுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்ப்பவன், அது இடையில் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை அறிய மாட்டான். இரவுக்கு ஒருமுறை அளந்தோரும் அங்ஙனமே ஏமாந்தனர். 2011-இல் அக்கோள் தன் விண்மீனின் குறுக்கே கடப்பதை விண்வெளித் தொலைநோக்கிகள் கண்டன. திருத்திய கணக்கே மெய்யாயிற்று.

2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியை இடைவிடாது அளந்தது. ஆயினும் அரை நாளுக்குக் குறைந்த சுற்றுக்காலங்களை அதன் கணினி முறை தேடவில்லை. பதிவுகளோ யாவர்க்கும் திறந்திருந்தன. ராபர்ட்டோ சான்சிஸ்-ஒஹேடா என்னும் ஆராய்ச்சி மாணவரும் அவர்தம் குழுவினரும் வேறொரு கணித முறையால் அவற்றைத் துருவினர். விண்மீன் ஒன்றின் ஒளி, எட்டரை மணிக்கு ஒருமுறை, பதினாயிரத்தில் ஏறத்தாழ 2 பங்கு குறைவதைக் கண்டனர். 2013-இல் கெப்ளர்-78பி என்னும் கோள் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

அதன் விட்டம் பூமியினுடையதைப் போல் சுமார் 1.2 மடங்கு. அதே ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே அதன் நிறையை அளந்தனர். அடர்த்தி பூமியின் அடர்த்தியை ஒத்திருந்தது. எனவே அது பாறையும் இரும்பும் கொண்ட கோள் என்று கருதப்படுகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்கே அதற்கும் அதன் விண்மீனுக்கும் இடையிலுள்ள தூரம். அங்கே வெப்பம் 2,000 பாகை செல்சியசையும் கடப்பதால் பாறையே உருகும்.

தோழர்களே, அக்கோள்கள் ஒளிந்திருக்கவில்லை. பார்த்த முறையிலும் தேடிய எல்லையிலுமே குறை இருந்தது. நம் பாட்டன்மாரைப் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர்கள், "இவர்களுக்குக் கல்வி ஏறாது" என்று சோதித்துப் பாராமலே முடிவு கட்டினர். அக்கணக்கைத் திருத்தவே இத்தகைய கழகங்கள் தோன்றின.

கெப்ளரின் பதிவுகள் இன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கணிதமும் இயற்பியலும் பயிலும் நம் இளைஞர்களும் பெண்மக்களும் அவற்றைத் திறந்து பார்க்க எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. கற்போம், பிறர் முடித்த கணக்கையும் மீண்டும் போட்டுப் பார்ப்போம்.