சாலையைக் கடக்க: மனுவுக்கு முன் ஒரு கணக்கு

வில்லியனூரில் விழுப்புரம் சாலையைக் கடக்க சிக்னலும் ஜீப்ரா கோடும் கேட்டு மனு கொடுக்க இருக்கிறோம். 'ஆபத்து' என்று மட்டும் எழுதினால் போதாது.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நெரிசல் நேரத்தில் மணிக்கு ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, கடப்பவர்களின் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்ட வேண்டும். 800 வண்டி ஓடினால் 160 பேர் கடந்தாலே போதும்.

ஜும்ஆ கூட்டத்தை மட்டும் எண்ணிக் காட்டுவது அமானிதம் ஆகாது. மற்ற நாட்களிலும் எண்ணுவோம். பயந்து கடக்காமலே இருக்கும் முதியவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்களை வீடு வீடாகக் கேட்டு மனுவில் தனியாக எழுதுவோம். பாதையில் உள்ள இடையூறை அகற்றுவதும் தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.