தென்னிலம் என்னும் வடநாடு
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடமேற்குக் கோடியில் இருக்கிறது சதர்லாந்து என்னும் பழைய கவுண்டி. பெயரின் பொருளோ 'தென்னிலம்'! பெயரிட்டவர்கள் நார்ஸ் மக்கள். ஆர்க்னித் தீவுகளிலும் கேத்னஸிலும் குடியேறியிருந்த அவர்களுக்கு அது தெற்கே கிடந்த நாடு. அங்கேயே வாழ்ந்த கேலிக் மொழியினர் அதனைக் 'கத்திவ்' என்றனர். ஆனால் வரைபடத்தில் நிலைத்தது வெளியிலிருந்து பார்த்தவர் இட்ட பெயர்தான். இந்நிலத்தின் பிற்கால வரலாறும் ஏறத்தாழ அப்படியே நடந்தது.

மேற்கே, ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுப் பழைமையுள்ள பாறைகள். அவற்றின்மீது தனித்தனியே எழுந்து நிற்கும் மணற்கல் மலைகள். கிழக்கே கேத்னஸ் வரை விரியும் கரிச்சேற்று நிலத்தை 2024இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. மனிதர் பயிர் செய்து வாழத் தக்கவை ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் கடற்கரை ஓரங்களுமே. அவற்றுள் வடகடல் நோக்கி ஓடும் நேவர் ஆற்றின் பள்ளத்தாக்கு செழிப்பானது. செழிப்பே அதற்குப் பகையாயிற்று.

நிலத்துக்கு உரியவர் சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத்தும் அவர் கணவரும். குத்தகைக் குடிகளை விட, செவியட் இனச் செம்மறிகள் மிகுதியான வருவாய் தரும் என்று கணக்கிட்டார்கள். 1814இலும் 1819இலும் நேவர் பள்ளத்தாக்கின் ஊர்கள் காலி செய்யப்பட்டன. குடிகள் திரும்பி வராதிருக்கக் கூரை மரங்களுக்குத் தீ வைத்தனர். 1814இல் அதை முன்னின்று நடத்திய காரியஸ்தர் பாட்ரிக் செல்லர். அங்கே ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவரே! 1816இல் இன்வர்நெஸ்ஸில் அவர்மீது வழக்கு நடந்தது. நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. மக்களுக்குக் கடலோரத்தில் துண்டு நிலம் கொடுத்து, மீன் பிடித்துப் பிழைக்கச் சொன்னார்கள். பலர் கனடாவுக்குக் கப்பலேறினர். கணவர் 1833இல் சதர்லாந்துக் கோமகன் ஆனார். கோல்ஸ்பி ஊரின் மேலுள்ள மலையில் அவருடைய பெருஞ்சிலை இன்றும் நிற்கிறது.

கவிஞர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. ராப் டான் என்னும் கேலிக் கவிஞர் 1714இல் இந்த வடபுலத்தில் பிறந்தார். எழுதப் படிக்க அறியாதவர். மாடு மேய்த்து வாழ்ந்தவர். அண்டை அயலாரின் கருமித்தனத்தையும் காதலையும் சாவையும் பேர் சொல்லிப் பாடினார். 1778இல் மறைந்தார். பாடல்கள் முதன்முதலாக நூலானது 1829இல். இடைப்பட்ட ஐம்பத்தோர் ஆண்டுகள் அவற்றுக்கு ஏடு, மக்களின் நினைவுதான். அதே ஆண்டுகளில்தான் அந்த ஏட்டைப் பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காகக் கலைத்தார்கள். பாடல்களைக் கேட்டு எழுதி வைத்தவர்கள் சற்றே தாமதித்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும்?

பால்னகீல் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினர். எழுத்தறியாத அக்கவிஞரின் புகழ் கேலிக், ஆங்கிலம், கிரேக்கம், இலத்தீன் என நான்கு மொழிகளில் அதில் வெட்டப்பட்டிருக்கிறது.