மரைக்கார் எனும் பெயர்

மரைக்கார் என்ற பெயரில் ஒரு கப்பல் மறைந்திருக்கிறது. மரக்கலம் உடையவர் மரக்கலராயர். அதுவே தேய்ந்து மரைக்காயர், மரைக்கார் ஆயிற்று என்பர். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லே மூலம் என்பாரும் உளர். நான் மரக்கலத்தின் பக்கம். சிங்களப் பேச்சில் நம்மவரை 'மரக்கல' என்பதும் அதையே நினைவூட்டுகிறது.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஒரு மரைக்காயர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலிமாரும் மரைக்கார்களே. அவர்களில் நான்காமவரைப் போர்த்துக்கேயர் 1600இல் கோவாவில் கொன்றனர்.

தென்னிலங்கையில் இது தலைமுறை கடந்த குடும்பப் பெயராக நிலைத்தது. 1978 முதல் 1983 வரை சபாநாயகராயிருந்த பாக்கீர் மாக்காரின் பெயரிலும் இதன் திரிபைக் காணலாம்.

எங்கள் எருக்கலம்பிட்டியில் அப்படியல்ல. தகப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்து. மரைக்காரின் மகனுக்கு 'எம்'. பேரனுக்கு, அதிகம் போனால், இரண்டெழுத்தில் ஒன்று. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மரைக்கார்கள் அருகிவிட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பது வீண் வேலை.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். பின்னர் புத்தளத்து அகதி முகாமொன்றில் பெயர் பதிந்த இளைஞர், "ஒரு இனிஷல் போதும் காக்கா" என்று முன்னெழுத்தை விட்டுவிட்டார். நானும் களைப்பில் பேசாதிருந்தேன். அன்று விடுபட்டது என் பாட்டனார் மரைக்கார்.